அப்பா பார்த்த அமெரிக்கப் படம்

முதுகலை ஆங்கிலத்தில் எங்களுக்கு அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள் இருந்தது. எமர்சனில் தொடங்கி விட்மன், டிக்கின்சன், ஃப்ராஸ்ட் வழியாக ஆர்தர் மில்லரில் வந்து முடியும். சேலம், நாமக்கல் பக்கத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பாதை பழக்கமானதுதான். இதைக் கடப்பதற்கு ஒரு மந்திரச் சொல்லும் உண்டு: 'அமெரிக்கக் கனவு'. எந்தக் கேள்வி வந்தாலும் விடையின் முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் அந்தச் சொல்லை எழுதிவிட்டால் பாதி மதிப்பெண் உறுதி. நானும் எழுதினேன், நன்றாகவே மதிப்பெண் வாங்கினேன். இந்தக் கட்டுரை அந்த விடைத்தாள்களில் எழுத முடியாமல் போனதைப் பற்றியது.

என் ஊர் சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். சங்ககிரியை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களால் அறிவார்கள். ஒன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை, மற்றது லாரி. திருச்செங்கோட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் என்றால், நாமக்கல்லுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் எரிவாயு டேங்கர்களும். சங்ககிரிக்குச் சரக்கு லாரிகள். வானம் பார்த்த பூமியில் சோளமும் நிலக்கடலையும் போட்டவர்கள், மழை பொய்த்துக் கிணறும் வற்றிய பிறகு நிலத்தை ஈடு வைத்து வண்டி வாங்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் பஞ்சம் இப்படித்தான் லாரியாக மாறியது. இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. ஈடு வைக்க நிலம் இருந்தவர் முதலாளி ஆனார். நிலம் இல்லாதவர் அவருடைய வண்டியில் கிளீனராக ஏறினார். அப்பா இரண்டாவது வகை. பதினைந்து வயதில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி எடுத்தார். ஒரே ஒரு வண்டி. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

சங்ககிரிக்கு மூன்றாவதாக ஒரு பெருமை உண்டு. என் வகுப்பில் அதை அறிந்தவர் யாருமில்லை. ச.து.சு. யோகியார் என்ற பெயரின் முதல் எழுத்து சங்ககிரியைத்தான் குறிக்கிறது. விடுதலைப் போராட்டக் காலத்துக் கவிஞர். விட்மனை 'மனிதனைப் பாடுவேன்' என்றும், ஹெமிங்வேயைக் 'கடலும் கிழவனும்' என்றும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். எந்தத் திசையில் போனாலும் கடலைக் காண ஒரு பகல் பிடிக்கும் ஊரைப் பெயரில் சுமந்த ஒருவர் அந்தக் கியூபாக் கிழவனைத் தமிழ் பேச வைத்தார் என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. ஆங்கில மூலத்தைப் படிக்கும் முன்பே அந்தத் தமிழ்ப் பிரதியை, ஓரம் உதிரும் தாள்களோடு, நூலகத்தில் இருந்து எடுத்துப் படித்திருந்தேன். எனக்குச் சந்தியாகோ மேல் கோபம்தான் வந்தது. எண்பத்து நான்கு நாள் மீன் கிடைக்காதவன் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? பதினெட்டு அடி மீனைப் படகில் ஏற்றவும் முடியாது, சுறாக்களிடமிருந்து காக்கவும் முடியாது என்பது தெரியாதா? விடாமுயற்சி, தோற்கடிக்க முடியாத மனித ஆன்மா என்றெல்லாம் வகுப்பில் சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. விடாமுயற்சியோடு ஒருவர் வீட்டில் இருந்தால் தெரியும் அந்த வீட்டின் பாடு.

ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. வேறொரு கட்டுரையில் அதன் பெயரைப் பார்த்துத் தேடிப் பிடித்தேன். 1939இல் வந்த நாவல். ஒக்லஹோமாவில் புழுதிப் புயலும் வறட்சியும் சேர்ந்து வாரக் குத்தகைக்காரர்களைத் துரத்த, ஜோட் குடும்பம் பழைய ஹட்சன் காரை வெட்டி லாரியாக்கி, தட்டுமுட்டுச் சாமான்களோடு 66ஆம் எண் நெடுஞ்சாலையில் கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறது. இலக்கிய வரலாறுகள் இதை இடம்பெயர்வின் காவியம் என்கின்றன. என் கண்ணில் முதலில் பட்டது இது ஒரு லாரி நாவல் என்பதுதான். பேரிங் போய் வண்டி வழியில் நிற்பதும், கழிவு வண்டிகள் கிடக்கும் கடையில் இணைப்புத் தண்டு தேடுவதும், பிஸ்டன் வளையங்களைப் பித்தளைக் கம்பியால் கட்டி இறுக்கி உள்ளே இறக்குவதும் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. என் வகுப்புத் தோழிகள் தள்ளிவிட்டுப் போன பக்கங்கள் அவை. நான் அவற்றை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். பழைய கார் விற்பவர்கள் கியர் பெட்டிக்குள் மரத்தூளைப் போட்டு இரைச்சலை அடக்கி விற்கும் இடத்தைச் சொன்னபோது அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"இங்க கெட்டி ஆயிலு ஊத்துவாங்க கண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த நாவலில் இன்னொரு இடம் உண்டு. வீட்டை இடிக்க டிராக்டரோடு வருபவன் அதே ஊர்க்காரனின் மகன். நாள் கூலி மூன்று டாலர். குத்தகைக்காரன் துப்பாக்கியை எடுக்கிறான். ஆனால் யாரைச் சுடுவது? டிராக்டர்காரனுக்குக் கட்டளை இட்டது வங்கி, வங்கிக்குக் கட்டளை கிழக்கே எங்கிருந்தோ வருகிறது, அங்கே இருப்பவர்களும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்கள். வங்கி என்பது மனிதர்கள் உண்டாக்கிய, ஆனால் மனிதர்களுக்குக் கட்டுப்படாத ஒரு பூதம் என்று ஸ்டைன்பெக் காட்டுகிறார். இதை நான் வகுப்புக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அதே பூதம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டிருந்தது.

கணக்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா வண்டி எடுத்த சில மாதங்களில், 2018 ஜூலையில், லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை மத்திய அரசு 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தியது. கூடுதலாக ஏற்றலாம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஐந்து வண்டிச் சரக்கை நான்கு வண்டிகள் எடுத்துக்கொண்டால் ஐந்தாவது வண்டி சும்மா நிற்கும். நிற்கும் வண்டி கிடைத்த வாடகைக்குப் போகும். பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு. தவணை கட்ட ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் இறுதி வரை அவகாசம் தந்தது. வட்டி மட்டும் அவகாசமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. 2021 அக்டோபரில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. இதில் யார் மேல் கோபப்படுவது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. தவணை கேட்டு வந்த பையன் எங்கள் உறவுக்காரர் ஒருவருடைய பிள்ளைக்கு நண்பன். அம்மா அவனுக்கு மோர் கொடுத்தாள்.

அந்த டிசம்பரில் லோடு கிடைக்காமல் வண்டி மூன்று நாள் வீட்டு முன் வேப்பமரத்தடியில் நின்றது. ஒரு ஞாயிறு மதியம் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "அந்த லாரிக் கதையப் படமா எடுத்திருக்காங்க, பாக்கறீங்ளாப்பா?" என்றேன். வண்டிக்குள்ளேயே பார்க்கலாம் என்றார். ஓட்டுநர் இருக்கையில் அவர், பக்கத்தில் நான், சாமி படத்துக்கு அடியில் சாய்த்து வைத்த கைப்பேசி. ஜான் ஃபோர்டு 1940இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். டாமாக நடித்தவர் ஹென்றி ஃபோண்டா. தாயாக நடித்த ஜேன் டார்வெல்லுக்கும் இயக்குநர் ஃபோர்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லத் தொடங்கி, அவர் கவனிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால லோடு ஏறிப்போச்சு. பட்டை தாங்காது. இந்த வண்டி அத்தன தூரம் போயிச் சேந்துருமா?"

ஆங்கிலம் ஒரு சொல் தெரியாதவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் மொழிபெயர்க்கலாம் என்று தயாராக இருந்தேன். அவர் அதிகம் கேட்கவேயில்லை. சிறிது நேரம் கழித்து, "ஸ்டியரிங்கு பசங்க கையில இருக்குது. வண்டிய ஓட்டறது அந்தம்மாதான்" என்றார். தேநீர் கொண்டுவந்த என் அம்மா கதவோரம் நின்றபடி அதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரை நீட்டினாள். அந்தத் தாய் பாத்திரத்தைப் பற்றி நான் பின்னால் எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் படித்தேன். தாய்வழிச் சமூகம், குடும்ப அதிகாரத்தின் இடமாற்றம் என்று பல பெயர்கள். அப்பா சொன்ன ஒற்றை வரிக்கு மேல் அவற்றில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் எல்லிஸ் ஆர். டங்கன் நினைவுக்கு வருகிறார். அமெரிக்கர். 1935இல் இந்தியாவுக்கு வந்து, எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி'யை இயக்கி, கடைசியில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வந்து 'மந்திரி குமாரி'யில் பணியாற்றியவர். அந்தப் படம் 1950இல் வெளியானது. கருணாநிதியின் வசனம் முழங்கும் படத்தை எடுத்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் நிறுவிய அந்த ஸ்டுடியோ, 1952இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தையும் எடுத்தது. ஏற்காடு சாலையில் இப்போது எஞ்சி நிற்பது அதன் நுழைவாயில் வளைவு மட்டும்தான். மொழி தெரியாமல் ஒருவர் எப்படிப் படம் எடுத்திருக்க முடியும் என்று அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். மொழி தெரியாமல் ஒருவர் படம் பார்ப்பதை அன்று வண்டிக்குள் பார்த்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை.

படத்தில் வழியிலேயே பாட்டி இறந்துவிடுகிறாள். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் பாலைவனத்தைக் கடக்க முடியாது என்பதால், கிழவிக்கு உடல் சரியில்லை, மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லித் தாய் கடந்து வருகிறாள். இரவெல்லாம் பிணத்தோடு படுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் இதை விளக்க வாயெடுத்தபோது அப்பா கையமர்த்தினார். படத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு, வீட்டில் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவர் கிளீனராக இருந்தபோது, இந்தோருக்குப் பக்கத்தில், அவர் அண்ணன் என்று கூப்பிட்ட ஓட்டுநர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். மாற்று ஓட்டுநர் வர ஒன்றரை நாள் ஆயிற்று. முதலாளியிடமிருந்து வந்த முதல் கேள்வி சரக்கு நனைந்ததா என்பது. அந்த ஒன்றரை நாளும் பதினேழு வயதுப் பையன் ஒருவன், பாஷை தெரியாத ஊரில், தார்ப்பாயை எடுத்துப் போர்த்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஈ மொய்க்குமுன்னு விசிறிக்கிட்டே இருந்தேன். அந்தம்மா மாதிரி படுத்துக்க எனக்குத் தைரியமில்ல கண்ணு."

மீண்டும் படத்தை ஓடவிட்டோம். குடும்பம் முதல் முகாமுக்குள் நுழைந்து, பசித்த குழந்தைகள் பானையைச் சுற்றி நிற்கும் இடத்தில் புக்கிங் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. லோடு இருக்கிறது, உடனே வர வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். மீதியை வந்து பார்க்கலாம் என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். மீதியை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை.

அடுத்த பருவத்தில் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தைப் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். வில்லி லோமன் பொய்யான விழுமியங்களை நம்பியதால் வீழ்ந்தவன், தன்னையே ஏமாற்றிக்கொண்டவன் என்று நிறுவினேன். ஆசிரியர்கள் பாராட்டினார்கள். ஊருக்கு வந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து கோணி ஊசியால் தார்ப்பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். இப்போது என்ன பாடம் என்று கேட்டார். லாரிக் கதைக்குப் பிறகு அவர் இப்படிக் கேட்பது வழக்கமாகியிருந்தது. நான் சொன்னேன். அறுபத்து மூன்று வயது, முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்துக்காகக் காரில் ஊர் ஊராகச் சுற்றியவன். குளிர்பதனப் பெட்டிக்குத் தவணை முடிவதற்குள் அது பழுதாகிறது. இருபத்தைந்து ஆண்டுத் தவணையில் வாங்கிய வீட்டின் கடைசித் தவணை பாக்கி. பழைய முதலாளியின் மகன் வேலையிலிருந்து நீக்குகிறான். காப்பீட்டுத் தொகை இருபதாயிரம் டாலர் பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று ஒருநாள் இரவு காரை எடுத்துக்கொண்டு போய் மோதிக்கொள்கிறான்.

சொல்லி முடிக்கும்வரை ஊசி நிற்கவில்லை. முடித்த பிறகு நின்றது.

"இன்சூரன்சு பணம் வந்துச்சா?"

நாடகத்தில் இதற்கு விடை கிடையாது. இறுதிக் காட்சியில் கல்லறை முன் மனைவி அழுகிறாள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது என்கிறாள், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் விமர்சனம் படித்திருந்த எனக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதில்லை. ஒரு கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

"வரலீங்ப்பா. வேணும்னே உட்டதுன்னு கம்பெனிக்காரங்க கண்டுபுடிச்சுட்டாங்க. ஒரு பைசா வரல. அந்தம்மா ரொம்பக் கஷ்டப்பட்டுப் போச்சுது."

"ம்." ஊசி மறுபடி நகர்ந்தது. "முட்டாப் பய."

ஆர்தர் மில்லர் என்னை மன்னிக்கட்டும். அன்றிரவு தூக்கம் வராமல் என் கருத்தரங்கக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடிக்குறிப்புகள்கூடச் சரியாக இருந்தன. பயம் மட்டும் அதில் எங்குமே இல்லை. வில்லியின் மனைவி லிண்டா, அவன் நிலவறையில் ஒளித்துவைத்த ரப்பர்க் குழாயைக் கண்டெடுத்து, அவனிடம் கேட்டால் அவமானப்படுவான் என்று கேட்காமல், அவன் வீட்டுக்கு வரும் நேரத்துக்கெல்லாம் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவாள். அந்தப் பகுதியை நான் ஒரு வரியில் கடந்து போயிருந்தேன். அதற்குப் பிறகு பல நாட்கள், அப்பா வண்டி எடுக்கும்போதெல்லாம், எங்கே போகிறார், எப்போது சேருவார் என்று கேட்டு எழுதி வைக்கத் தொடங்கினேன். படிப்புக்கு வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, சொன்ன நேரத்தில் அழைத்தார்.

2022 மார்ச்சில் வண்டி போயிற்று. பிடித்துக்கொண்டு போகும்வரை காத்திருக்காமல் அப்பாவே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தார். அன்று எனக்கு அமெரிக்க இலக்கியத் தேர்வு இருந்திருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும், இல்லை. சாதாரண செவ்வாய்க்கிழமை. நான் விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியில் சொன்னாள். சாமி படத்தையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தாராம். ஸ்பேனர் பையைத் தோளில் போட்டு நடந்து வந்தவர் வாசலருகே ஒரு முறை இறக்கி வைத்துவிட்டுப் பிறகு உள்ளே வந்தாராம். சந்தியாகோ பாய்மரத்தைத் தோளில் சுமந்து கரையேறும் பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. கிழவன் மேல் எனக்கு இருந்த கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

அந்த ஆண்டுத் தேர்வில் நாவல்களும் திரைப்படங்களும் பற்றி ஒரு கேள்வி வந்தது. ஃபோர்டின் படத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினேன். இன்றும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஸ்டைன்பெக் தன் நாவலை வெள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ரோஸ் ஆஃப் ஷாரனுக்குக் குழந்தை இறந்து பிறக்கிறது, லாரி நீரில் மூழ்கிக் கிளம்ப மறுக்கிறது. குழந்தையை இழந்த அந்தப் பெண், பட்டினியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தன் பாலைக் கொடுக்கிறாள். ஹாலிவுட்டால் அன்று அதைக் காட்டியிருக்க முடியாது. படத்தில் வரிசை மாறுகிறது. அரசு முகாம் பின்னால் வருகிறது. வேலை தேடி வண்டி மறுபடி கிளம்புகிறது, நாங்கள் அழிய மாட்டோம் என்ற பொருளில் தாய் பேசுகிறாள், முடிந்தது. நாவல் தாங்கிய உண்மையைப் படம் தாங்கவில்லை, பார்வையாளரை ஆறுதல்படுத்தி அனுப்பியது என்று எழுதினேன்.

அப்பா இப்போது வேறொருவர் வண்டியில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். பதினைந்து வயதில் ஏறிய இடத்துக்கே திரும்பி வந்ததாக அவர் சொல்வதில்லை. டியூ கட்டும் தேதி வந்தால் தூக்கம் போகிற நோய் போயிற்று என்கிறார். நான் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர். சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு தாபாவிலிருந்து அழைத்தார். சாப்பிட்டாயா, அம்மா தூங்கிவிட்டாளா என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"ஏங்கண்ணு, அன்னைக்கு ஒரு படம் பாத்தமே. பாட்டி செத்துப்போச்சே, அந்தக் குடும்பம். அதுக போயிச் சேந்துச்சுகளா?"

எனக்கு நாவலின் கடைசிப் பக்கம் நினைவில் வந்தது. வெள்ளம், களஞ்சியம், அந்தப் பெண்ணின் முகம். தேர்வில் நான் எழுதியதும் நினைவில் வந்தது.

"சேந்துட்டாங்கப்பா. வேற ஊர்ல வேல இருக்குதுன்னு கெளம்பிப் போறாங்க. அந்தம்மா முன்னால உக்காந்து பேசிக்கிட்டே வருது. அதோட படம் முடியுது."

"வண்டி?"

"ஓடுதுங்ப்பா."